சீட்டுக் காசில் ஒரு கிடார்: பசிஃபிகா 012, பழைய ஃபிரண்ட்மேன் 10ஜி, ஓர் எர்த் ஒயர்

"யாருக்குக்கா, பையனுக்கா?"

இந்தக் கேள்வியை மூன்று கடைகளில் கேட்டுவிட்டார்கள். எனக்கு வயது 43. ஹைகிரவுண்டு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை, பாளையங்கோட்டையில் வீடு. பையனும் இருக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவனுக்குக் கிரிக்கெட்டை விட்டால் வேறு சோலி கிடையாது. கிடார் எனக்குத்தான்.

பதினாறு வயதில் சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்தபோது அங்கே ஒரு பழைய கிவ்சன் அக்கூஸ்டிக் கிடந்தது. கிப்சன் இல்லை, கிவ்சன், கல்கத்தாவில் செய்வது. அதில்தான் ஜி, சி, டி கார்டுகள் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். கல்யாணம், பிள்ளை, நைட் டியூட்டி என்று அது அப்படியே நின்றுபோனது. போன வருஷம் 25,000 ரூபாய்ச் சீட்டு என் கைக்கு வந்தபோது, வாஷிங் மெஷின் மாற்றலாம் என்று வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பழைய மெஷின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் ஒரு காம்போ: எலக்ட்ரிக் கிடார், அதன் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப், பை, தோளில் மாட்டும் ஸ்ட்ராப், கேபிள், மீட்டுகிற பிக் எல்லாம் சேர்த்து 7,499. கம்பெனிப் பேர் வேண்டாம். பெட்டியைப் பிரித்ததும் வாசனை நன்றாகத்தான் இருந்தது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டை) கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுனி நுழைந்தது. அழுத்தினால் கம்பி பாதி தூரம் இறங்கி வருவதற்குள் சுருதி ஏறிவிடும். ஃப்ரெட் ஓரங்கள் ரம்பம் மாதிரி. எஃப் கார்டில் இருந்து சி-க்கு இறங்கியபோது உள்ளங்கையில் கீறல் விழுந்து கோடாக ரத்தம் வந்தது. நாள் முழுக்க மற்றவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவளுக்கு இது தேவைதான் என்று அம்மா சொன்னாள். ஆம்ப்? டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தலையணைக்கு அடியில் வைத்தால் எப்படிக் கேட்குமோ அப்படி. திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம் தந்திருந்தார்கள். மூன்று முறை போன் போட்ட பிறகு ஆள் வந்து எடுத்துப் போனான். காசு வந்து சேர்ந்தது பன்னிரண்டாம் நாள்.

அந்தப் பன்னிரண்டு நாளில்தான் உருப்படியாகப் படித்தேன். என் மாதிரி அக்கூஸ்டிக் வாசித்துப் பழகியவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எலக்ட்ரிக் கிடாரில் சத்தம் மரப்பெட்டியில் இருந்து வருவதில்லை. கம்பிக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கிறது: காந்தமும் அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பியும். எஃகுக் கம்பி அதிர்ந்தால் அதில் மின்சாரம் பிறக்கிறது. ஆம்ப் அதைப் பெரிதாக்குகிறது. ஆகவே கிடாருக்கு மட்டும் எல்லாக் காசையும் கொட்டிவிட்டு, ஆம்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பாதிக் கருவிதான் வாங்கியிருக்கிறோம் என்று அர்த்தம். இதை என் பையனிடம் விளக்கியபோது, "நெல்லையப்பர் கோயில்ல தூணைத் தட்டுனாலே சத்தம் வருது, அதுக்கு யாரு கரண்ட் குடுத்தா?" என்றான். இப்படித்தான் இருக்கிறது வீட்டு ஆதரவு.

சித்தி மகள் கல்யாணத்துக்குச் சென்னை போனபோது அரை நாள் ஒதுக்கி, அண்ணாசாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிக்கலுக்குள் நுழைந்தேன். அவ்வளவு பெரிய கடையில் நமக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டு கிடாரை மடியில் வைத்து வாசித்துப் பார்த்தேன். ஒன்று ஸ்குவயர் சோனிக் ஸ்ட்ராட். ஸ்குவயர் என்பது ஃபெண்டர் கம்பெனியின் குறைந்த விலைப் பிரிவு. முன்பு கிடார் கம்பி செய்துகொண்டிருந்த நிறுவனத்தை ஃபெண்டர் 1965இல் வாங்கி, 1982 முதல் அந்தப் பேரில் கிடார் போடுகிறது. இன்னொன்று யமஹா பசிஃபிகா 012.

ஸ்ட்ராட் என்பது ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், அந்த உருவம் 1954இல் வந்தது. கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது என்று படித்ததில் இருந்து எனக்கு அவர் மேல் தனிப் பாசம். சோனிக் எடை குறைவு, மடியில் பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்தது. நான் எடுத்ததில் மூன்று பிக்கப்பும் சிங்கிள் காயில். சத்தம் மணி போல. ஆனால் கம்பியில் இருந்து கையை எடுத்தால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். அது அந்தக் கிடாரின் குற்றம் இல்லை, சிங்கிள் காயிலின் பிறவிக் குணம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, சுற்றி இருக்கும் ஒயர், ட்யூப்லைட், சார்ஜர் எல்லாவற்றின் முனகலையும் அந்த ஒற்றைச் சுருள் வாங்கிக்கொள்ளும். இதற்கு மருந்தாக 1955இல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றிப் பக்கத்தில் வைத்தார். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் நாதம் மட்டும் கூடி வரும். அதுதான் ஹம்பக்கர்.

பசிஃபிகா 012இல் இரண்டு சிங்கிள் காயிலும், கம்பிகள் உடம்பில் வந்து முடிகிற பிரிட்ஜ் ஓரம் ஒரு ஹம்பக்கரும் உண்டு. இரண்டு ஜாதிச் சத்தத்தையும் ஒரே கிடாரில் பழகலாம் என்பதால் அதன் பக்கம் மனம் சாய்ந்தது. அப்பா மரக்கடையில் வேலை பார்த்தவர். ரீப்பரை வாங்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியில் இருந்து அடிவரை பார்ப்பார். நானும் கிடாரின் கழுத்தை அப்படியே பிடித்துப் பார்த்தேன். கடைப் பையன் சிரித்தான். சரியான முறைதான் அது, முறுக்கு இருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். அப்புறம் ஆறு கம்பியிலும் 22 ஃப்ரெட்டையும் ஒவ்வொன்றாக அழுத்தி மீட்டினேன், எங்காவது 'ஜிர்' என்கிறதா என்று. பிக்கப் மாற்றுகிற ஐந்து நிலை சுவிட்சையும் ஆம்ப் போட்டு மாற்றிப் பார்த்தேன். வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரப்பு வந்தால் உள்ளே தூசி அல்லது மட்டமான பாகம். இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் ஆனது. வெறும் கையோடு வெளியே வர மனசு கேட்காமல் ஒரு செட் கம்பியும் நாலு பிக்கும் அங்கேயே வாங்கிக்கொண்டேன், 650 ரூபாய்.

கிடாரை வாங்கியது பாளையில். மார்க்கெட்டில் இருந்து முருகன்குறிச்சிக்குப் போகிற வழியில் சின்னக் கடை. பேரை எழுத வேண்டாம் என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார், கூட்டம் வந்தால் ரிப்பேர் வேலை ஓடாதாம். ஆர்மோனியப் பெட்டி ரிப்பேர் பார்த்தே வளர்ந்தவர். கடையில் தொங்குவதெல்லாம் அக்கூஸ்டிக், நாலு கீபோர்டு, ஒரு தபேலா ஜோடி. எலக்ட்ரிக் கேட்டால் வரவழைத்துத் தருவார். பசிஃபிகா 012க்கு 17,800 சொன்னார். அதே நாளில் ஆன்லைனில் 900 ரூபாய் குறைவு. நான் கொஞ்சம் இழுத்தேன்.

"ஆன்லைன்லயே வாங்குங்கம்மா, தப்பில்ல. வந்ததும் செட்டப் பண்ண எங்கிட்டத்தான் கொண்டு வரணும். அதுக்கு நான் ஆயிரம் வாங்குவேன்" என்றார்.

கணக்கு சரியாக இருந்தது. அவரிடமே சொல்லிவிட்டேன்.

பத்தாம் நாள் கிடார் வந்தது. அவர் செய்த செட்டப்பை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். இந்த விமரிசனத்தில் உங்களுக்கு உபயோகமானது ஏதாவது இருந்தால் அது இந்தப் பத்திதான். புதுக் கிடார் பெட்டியில் இருந்து எடுத்ததும் வாசிக்கத் தயாராக இருக்கும் என்று நம்பாதீர்கள், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி. வேறொரு தட்பவெப்பத்தில் செய்த மரம் பெட்டிக்குள் கிடந்து பாளை வெயிலுக்கு வந்திருக்கிறது, கழுத்து கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பிக்கு ட்ரஸ் ராட் என்று பேர். அதை ஆலன் கீயால் கால் சுற்றுத் திருப்பிவிட்டு, கம்பிகளைத் திரும்பச் சுருதி கூட்டி, டீ குடிக்கப் போய்விட்டார். "மரம் உக்காரணும்லா" என்றார். திரும்பி வந்து பிரிட்ஜில் இருக்கும் குட்டித் திருகுகளைக் கொண்டு கம்பிகளை இறக்கினார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு ஒன்றரை. அப்புறம் அதே பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு ஒருமுறை, அழுத்தி ஒருமுறை மீட்டி, இரண்டும் சுருதி காட்டும் டியூனரில் ஒரே இடத்தில் நிற்கும்வரை பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலை முன்னும் பின்னும் நகர்த்தினார். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பள்ளங்களில் பையன்கள் எழுதும் சாதாரணப் பென்சிலைத் தேய்த்தார். பென்சில் தூள் வழுக்கிக் கொடுக்கும், சுருதி கூட்டும்போது கம்பி சிக்காது.

கடைசியாக ட்ரெமலோ. பிரிட்ஜில் மாட்டி, சுருதி ஊசலாட ஆட்டுகிற அந்தக் கம்பிதான் சினிமாவில் பார்த்தால் கவர்ச்சியாக இருக்கும். இந்த விலைக் கிடாரில் அதை ஆட்டினால் அடுத்த பாட்டுக்குச் சுருதி இருக்காது. அண்ணாச்சி பின்பக்க மூடியைக் கழற்றி ஸ்பிரிங் திருகுகளை இறுக்கி, பிரிட்ஜை மரத்தோடு மரமாகப் படிய வைத்துவிட்டார். "இந்தக் கம்பிய வீட்ல அலமாரியில வைங்க, ரெண்டு வருஷம் கழிச்சு யோசிப்போம்." இன்னும் அங்கேதான் இருக்கிறது, தையல் ஊசிகளோடு.

ஆம்ப் விஷயத்தில் எனக்கு அதிர்ஷ்டம். சர்ச் வாலிபர் குழுவில் ஒரு தம்பி வேலை கிடைத்து பெங்களூர் போகிறான் என்று ஃபெண்டர் ஃபிரண்ட்மேன் 10ஜி-யை விற்றான். 4,500. பத்து வாட், ஆறு அங்குல ஸ்பீக்கர். பத்து வாட் போதுமா என்று கேட்காதீர்கள். வால்யூமை மூன்றுக்கு மேல் திருப்பினால் கீழ்வீட்டு ஆச்சி வந்துவிடுவாள். ஒருநாள் ராத்திரி, சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பொத்தானை அமுக்கிப் பழகிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, இந்நேரத்துக்கு என்னத்த மிக்ஸில அரைக்க?"

ஆச்சியின் விமரிசனம் என்னுடையதைவிடத் துல்லியம். 10ஜி-யின் ஓவர்டிரைவ் அப்படித்தான், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி. ராக் வாசிக்கத்தான் எலக்ட்ரிக் என்று வருகிறவர்கள் இந்த ஆம்பைத் தொட வேண்டாம். எதிரொலி கொடுக்கும் ரிவர்ப் கிடையாது, அடிக் கட்டைச் சத்தம் கொஞ்சமும் வராது. ஆனால் ஓவர்டிரைவ் இல்லாத சுத்தச் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே இதை வைத்திருக்கிறேன். கழுத்துப் பக்கத்து பிக்கப்பைப் போட்டு, ட்ரெபிளைப் பாதிக்குக் குறைத்து, ஒரு கீர்த்தனையை மெதுவாக ஒற்றைக் கம்பியில் வாசித்தால் அறை நிறையும். ஹெட்போன் போட இடம் இருக்கிறது, நைட் டியூட்டி முடிந்து வந்து காலை ஆறு மணிக்கு வாசிக்கிற எனக்கு அது இல்லாவிட்டால் வீட்டில் இடம் கிடைக்காது. போனை இன்னொரு ஓட்டையில் சொருகி, பாட்டைப் போட்டுக்கொண்டு கூடவே வாசிக்கலாம். சர்ச்சில் வாசிக்க இது ஆகாது. ஒருமுறை கொண்டுபோய் முன்னால் மைக் வைத்துப் பார்த்தோம், டோலக்குக்கு முன்னால் காணாமல் போய்விட்டது.

இப்போது எர்த் ஒயர் கதை. ஆம்ப் வீட்டுக்கு வந்த முதல் நாள் பயங்கர இரைச்சல். ஹம்பக்கருக்கு மாற்றினாலும் போகவில்லை. கம்பியில் கை பட்டால் குறைகிறது, எடுத்தால் ஏறுகிறது. விற்ற தம்பி ஏமாற்றிவிட்டான் என்று மனசுக்குள் அவனை நன்றாகத் திட்டினேன். அண்ணாச்சிக்குப் போன் போட்டால் அவர் கேட்ட முதல் கேள்வி, "பிளக்குக்கு எத்தன காலு?" மூன்று கால். என் அறையில் இருந்தது பழைய இரண்டு ஓட்டை சுவிட்ச் போர்டு. நடுவில் ஒரு கன்வர்ட்டரைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன், எர்த் கால் அந்தரத்தில் நின்றது. "உடனே அணைங்க" என்றார், குரலே மாறிவிட்டது. கிடார் கம்பி கேபிள் வழியாக ஆம்பின் உடம்போடு இணைந்திருக்கிறது. ஆம்புக்குள் ஏதாவது ஒரு கோளாறில் மின்சாரம் உடம்புக்குக் கசிந்தால், எர்த் இல்லாத வீட்டில் அது போக வேறு வழி நம் விரல்தான்.

எலக்ட்ரீஷியன் வந்து மூன்று ஓட்டை பாயிண்ட் புதிதாகப் போட்டு, ஹாலில் இருந்து எர்த் இழுத்துக் கொடுத்தார். 700 ரூபாய். இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது. மீதிக் கால்வாசி சிங்கிள் காயிலின் பங்கு, போன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் அதுவும் அடங்கும். இந்தப் பக்கம் எத்தனையோ பழைய வீடுகளில் இதே நிலைமைதான். கிடாருக்குப் பட்ஜெட் போடும்போது சுவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பத்து மாதம் ஆகிறது. பசிஃபிகா பற்றி நல்லது: கழுத்து மெலிவு, என் குட்டைக் கைக்கு எஃப் கார்டு முதல்முறையாக வலிக்காமல் விழுகிறது. எலக்ட்ரிக் கம்பி அக்கூஸ்டிக் கம்பியைவிட மெல்லியது என்பதும் காரணம். சுருதி நிற்கிறது. காலையில் விட்ட இடத்தில் மறுநாளும் அநேகமாக அங்கேயே இருக்கும். அகதிஸ் என்கிற சாதாரண மரம்தான், அப்பா இருந்தால் நகத்தால் கீறிப் பார்த்து முகத்தைச் சுளித்திருப்பார். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

குறைகள் உண்டு. ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் இடது தோள் இறங்கிவிடுகிறது, 350 ரூபாய் ஸ்ட்ராப்பும் அதற்குக் கூட்டாளி. கிடாரோடு பை வரவில்லை, பழைய பெட்ஷீட்டைத் தைத்து உறை போட்டிருக்கிறேன். ஹம்பக்கரில் ஓவர்டிரைவைக் கூட்டினால் கார்டுகள் கலங்கி, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவது போல் ஆகிறது. ஆம்பின் தப்பா பிக்கப்பின் தப்பா என்று பார்க்க அண்ணாச்சி கடையில் வேறொரு ஆம்பில் போட்டோம், இரண்டுக்கும் பங்கு இருந்தது. ஆனி, ஆடியில் குற்றாலத்துப் பக்கம் சாரல், இங்கே வெறும் காற்று. அந்தக் காய்ச்சலில் மரம் சுருங்கி இரண்டு ஃப்ரெட்டின் ஓரம் லேசாக வெளியே தட்டுப்பட்டது. அண்ணாச்சி நாலு தேய்ப்பில் அரத்தால் சரிசெய்தார், காசு வாங்கவில்லை. கோடையில் வியர்வைக்குக் கம்பி இரண்டு மாதத்தில் கறுத்துவிடுகிறது. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் துடைக்க ஆரம்பித்த பிறகு மூன்றரை மாதம் தாங்குகிறது.

செலவுக் கணக்கு கேட்பீர்கள். கிடார் 17,800, ஆம்ப் 4,500, கேபிள் 450, ஸ்ட்ராப் 350, கிடாரின் தலையில் மாட்டும் டியூனர் 450, சென்னையில் வாங்கிய கம்பியும் பிக்கும் 650, எலக்ட்ரீஷியன் 700. ஆகமொத்தம் 24,900. மீதி நூறு ரூபாய்க்கு அல்வா வாங்கி ஆச்சிக்குக் கொடுத்தேன், மிக்ஸிச் சத்தத்துக்கு நஷ்டஈடாக.

இதே காசில் ஆம்பும் புதிதாகத்தான் வேண்டும் என்றால் கிடாரில் சில ஆயிரம் குறைக்க வேண்டிவரும். நான் அதைச் செய்ய மாட்டேன். ஆம்ப் பழசாக இருந்தால் காதால் சோதித்துவிடலாம்: எல்லாக் குமிழையும் திருப்பு, கேபிளை ஆட்டு, பத்து நிமிஷம் சும்மா ஓடவிடு. பழைய கிடாரின் கழுத்து என்ன பாடு பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க அண்ணாச்சி மாதிரி ஓர் ஆள் கூட வர வேண்டும்.

ஆம்ப் விற்ற தம்பி ஈஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தான். பெங்களூரில் தனி அறை எடுத்துவிட்டானாம், ஆம்பைத் திருப்பித் தருவீர்களா அக்கா, ஆறாயிரம் தருகிறேன் என்றான். டீ போட்டுக் கொடுத்து, ஒரு கீர்த்தனை வாசித்துக் காட்டி, வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன்.